கழுவிப் போவதும் தங்கிவிடுவதும்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாலினஸ் என்று ஓர் ஊர். அங்கே 100 பதின்வயதுப் பெண்கள் மூன்று நாட்களுக்குத் தங்கள் ஷாம்பூ, சோப்பு, முகப்பூச்சு, சன்ஸ்கிரீன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, ஆய்வாளர்கள் கொடுத்த மாற்றுப் பொருட்களை மட்டும் பயன்படுத்தினார்கள். வாசனையை நிலைக்க வைக்கும் தாலேட், பொருள் கெடாமல் காக்கும் பாரபென், கிருமிநாசினியான ட்ரைக்ளோசன், சன்ஸ்கிரீனில் வெயிலை வடிகட்டும் ஆக்ஸிபென்சோன் என்ற நான்கும் இல்லாதவை என்று லேபிளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பொருட்கள் அவை. தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் சிறுநீரைச் சோதித்தார்கள். மெத்தில் பாரபென் 44 சதவீதம் குறைந்திருந்தது. புரோப்பில் பாரபென் 45, ட்ரைக்ளோசன் 36, ஆக்ஸிபென்சோன் 36, வாசனைப் பொருட்களோடு வரும் ஒரு தாலேட்டின் தடயம் 27. எல்லாம் மூன்றே நாட்களில். 2016இல் வெளியான ஆய்வு இது.

ஓர் உறுத்தலும் அதில் இருந்தது. அதிகம் புழங்காத இரண்டு வகைப் பாரபென்களின் அளவு மட்டும் சற்றே கூடியிருந்தது. மாற்றாகக் கொடுத்த பொருட்களில் ஏதோ ஒன்றில், லேபிளில் குறிக்கப்படாமல் அவை கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். இந்தச் சிறு செய்தியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். லேபிள் பெரிய உதவிதான். ஆனால் அது சத்தியப் பிரமாணம் இல்லை.

இந்த ஆய்வு எதைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்களுக்கு நோய் குறைந்தது என்று அது சொல்லவில்லை. உடலுக்குள் போகும் அளவு குறைந்தது, அதுவும் வெகு சீக்கிரம் குறைந்தது என்றுதான் சொல்கிறது. பாரபென், தாலேட் போன்றவற்றை உடல் ஓரிரு நாட்களில் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். ஆகவே இன்றைய சிறுநீரில் தெரிவது பெரும்பாலும் நேற்று பூசியதுதான். பத்து வருடச் சேமிப்பு இல்லை. பாதரசமும் ஈயமும் இந்தக் கணக்கில் சேரா. அவற்றைப் பிறகு பார்ப்போம்.

ஆபத்தான பொருள் வேறு, ஆபத்து வேறு

இணையத்தில் இந்த விஷயத்தைப் பற்றிப் படிப்பவர்கள் முதலில் சந்திப்பது பட்டியல்தான். 'இந்தப் பத்துப் பொருட்களைத் தொடாதீர்கள்' என்ற வகை. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு பொருள் நம்மைக் கெடுத்துவிடாது. அது நம்மிடம் வந்து சேர வேண்டும், போதிய அளவில் சேர வேண்டும், போதிய நேரம் இருக்க வேண்டும். கூண்டில் இருக்கும் புலியும் புலிதான். கூண்டுக்கு வெளியே நிற்பவருக்கு அதனால் ஆபத்தில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் சொல்வதையே 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற மருத்துவர் நச்சியலின் அடிப்படையாகச் சொன்னார். பெரும்பாலான பொருட்களுக்கு அது இன்றும் பொருந்தும். ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடும் பொருட்களில்தான் வாதம் இருக்கிறது. சாலினஸில் தேடிய நான்கின் மீதும் அந்த ஐயம்தான். ஹார்மோன்கள் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்பவை. எனவே அவற்றைப் போல நடிக்கும் ஒரு பொருள் சிறிய அளவிலும் ஏதாவது செய்யக்கூடும். முக்கியமாகக் கருவிலும் குழந்தைப் பருவத்திலும். இந்த வாதம் இன்னும் தீரவில்லை. தீராத வழக்கில் நான் எடுக்கும் நிலை எளியது: பெரிய சிரமமோ செலவோ இல்லாமல் குறைக்க முடிந்ததைக் குறைத்துவிடுவது, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது.

கிராம் கணக்கு

எதைக் குறைப்பது என்று தீர்மானிக்க ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஆலோசனை சொல்லும் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு, ஒருவர் ஒரு நாளைக்கு எந்தப் பொருளை எத்தனை கிராம் பயன்படுத்துகிறார் என்று அளந்து வைத்திருக்கிறது. பொருட்களின் பாதுகாப்பைக் கணக்கிடுபவர்கள் இந்த எண்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஷாம்பூ ஒரு நாளைக்கு 10.46 கிராம். உடலுக்குப் பூசும் லோஷன் 7.82 கிராம். பார்த்தால் ஷாம்பூதான் அதிகம். ஆனால் ஷாம்பூவைக் கழுவிவிடுகிறோம். அதில் நூற்றில் ஒரு பங்குதான் உடலில் தங்குவதாக அந்தக் குழு கணக்கிடுகிறது. அதாவது சுமார் 0.11 கிராம். லோஷன் முழுவதும் தங்குகிறது. 0.11 எங்கே, 7.82 எங்கே? ஏறக்குறைய 70 மடங்கு. குளியல் ஜெல்லுக்கும் இதே கதைதான்: ஊற்றிக்கொள்வது 18.67 கிராம், தங்குவது 0.19. முகத்துக்குப் பூசும் கிரீம் 1.54 கிராம், கைக்கான கிரீம் 2.16 கிராம், இரண்டும் அப்படியே தங்குபவை. இப்படி எல்லாப் பொருட்களையும் கூட்டினால் ஒரு நாளைக்கு உடலில் தங்குவது சுமார் 17.4 கிராம். அதில் லோஷன் மட்டுமே பாதிக்குச் சற்றுக் குறைவு.

எனக்கு இந்த எண்கள் கிடைத்த நாளில்தான் புத்தி தெளிந்தது. அதற்கு முன் ஷாம்பூ லேபிளை வரிவரியாக ஆராய்ந்துவிட்டு, குளித்து முடித்ததும் எதையும் பார்க்காமல் லோஷனை அள்ளிப் பூசிக்கொண்டிருந்தேன். பலரும் அப்படித்தான் செய்கிறோம். 'சல்பேட் இல்லாத ஷாம்பூ' என்ற விளம்பரத்துக்கு இருக்கும் மவுசு அதற்குச் சான்று. நுரை வருவதற்காகச் சேர்க்கும் சல்பேட் சிலருக்குத் தோலை வறளச் செய்யும், எரிச்சல் தரும்; அப்படிப்பட்டவர்கள் தவிர்க்கலாம். மற்றவர்களுக்கு அது முதல் கவலையாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே புட்டிகளைப் பார்க்கும்போது முதல் கேள்வி: இது கழுவிப் போவதா, தங்கிவிடுவதா? தங்குவது என்றால், உடலில் எவ்வளவு பரப்பில், தினமும் எத்தனை முறை? இந்த வரிசையில் லோஷன், முகக் கிரீம், டியோடரண்ட், சன்ஸ்கிரீன் முன்னால் வரும். சோப்பும் ஷாம்பூவும் பின்னால் போய்விடும். லிப்ஸ்டிக் தனி ரகம். அளவு மிகக் குறைவு, நாளுக்கு 0.06 கிராம்கூட வராது. ஆனால் அதில் ஒரு பகுதி வயிற்றுக்குள் போகிறது.

தோல் பஞ்சும் இல்லை, சுவரும் இல்லை

'பூசுவதில் 60 சதவீதம் ரத்தத்தில் கலக்கிறது' என்று ஒரு வாசகம் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. அது உண்மை இல்லை. எது எவ்வளவு ஊடுருவும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். தோலின் மேலடுக்கு இறந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த அடர்த்தியான வேலி. பெரிய மூலக்கூறுகளை அது உள்ளே விடாது. மூலக்கூற்று எடை 500ஐத் தாண்டினால் நுழைவது கடினம் என்பது தோல் ஆய்வாளர்களின் பொது விதி. ஆனால் நாம் பேசும் பாரபென், தாலேட், வாசனைப் பொருட்கள் பலவும் அதைவிடச் சிறியவை. முழுவதும் நுழையாவிட்டாலும் கொஞ்சம் நுழையும்.

வேலி எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை. உள்ளங்கையில் தடிமன், கண் இமையில் மெல்லிசு. புதிதாக மழித்த தோலிலும், வெடித்த தோலிலும், அரிப்பு வந்து சொறிந்த தோலிலும் வேலியில் ஓட்டை. ஒவ்வாமையில் இது விசித்திரமாக வெளிப்படும். நகப்பூச்சுக்கு ஒவ்வாமை வந்தால் பல நேரம் விரலில் ஒன்றுமே தெரியாது. இமையும் கழுத்தும் தடித்துச் சிவக்கும். ஈரம் காயாத நகம் போய்த் தொடுகிற இடங்கள் அவைதான். காரணம் புரியாமல் கண் சொட்டு மருந்து போட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எனவே அதே ஒரு தேய்ப்பு அவர்களுக்குக் கூடுதல் அளவாகிறது. குழந்தைக்கு வாசனை லோஷனும் பவுடரும் தேவையே இல்லை என்பது என் கட்சி. பவுடரில் இன்னொரு தொல்லை, அது மூச்சில் போகும். டால்க் என்ற கனிமம் நிலத்தடியில் பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸுடன் சேர்ந்தே கிடப்பதால் கலப்படம் ஏற்படலாம். 2024இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கையே 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கும்' என்ற வகைக்கு உயர்த்தியது. ஸ்பிரேக்களும் மூச்சு வழிச் சமாச்சாரம்தான். ஒரே பொருள் கிரீமாகவும் ஸ்பிரேயாகவும் கிடைத்தால் கிரீமை எடுங்கள்.

ஒரு புட்டியைத் திருப்பிப் பார்ப்போம்

ஒரு லோஷன் புட்டியின் பின்பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்பக்கத்தில் லாவண்டர் பூக்களின் படம். பின்னால் பொடி எழுத்தில் இப்படி: அக்வா, கிளிசரின், பாரஃபினம் லிக்விடம், செட்டியரில் ஆல்கஹால், டைமெத்திகோன், ஃபீனாக்ஸிஎத்தனால், பர்ஃப்யூம், லாவண்டுலா சாறு, லினலூல், லிமோனீன்.

எது அதிகமோ அது முதலில் வரும். 1 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். அப்படியானால் அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது? அதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உண்டு. ஃபீனாக்ஸிஎத்தனால் என்பது பொருள் கெடாமல் காப்பதற்காகச் சேர்ப்பது. ஐரோப்பிய விதிப்படி அதை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. எனவே அந்த விதிக்கு உட்பட்ட பொருட்களில் அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. நம் புட்டியில் லாவண்டர் சாறு அதற்குப் பின்னால்தான் நிற்கிறது. முன்பக்கத்தை முழுவதும் பிடித்துக்கொண்ட பூ, உள்ளே பெயருக்கு ஒரு துளி.

முதல் நான்கில் பயப்பட ஒன்றுமில்லை. அக்வா என்றால் தண்ணீர். செட்டியரில் ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்து மது என்று மிரள வேண்டாம். அது மெழுகு போன்ற கொழுப்புப் பொருள், தோலை மிருதுவாக்கும். பெயர் நீளமாக, வாயில் நுழையாமல் இருந்தால் ஆபத்து என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. டோகோஃபெரோல் என்று எழுதினால் விட்டமின் ஈ. பாதரசம் ஐந்தே எழுத்து.

நம் புட்டியில் நிறுத்தி யோசிக்க வேண்டிய சொல் ஒன்றுதான்: பர்ஃப்யூம்.

வாசனை

அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் சில டஜன் பொருட்கள் இருக்கலாம், நூற்றுக்கு மேலும் இருக்கலாம். வாசனைக் கலவை வணிக ரகசியம் என்பதால் பெரும்பாலான நாடுகளில் உள்ளடக்கத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சில இடங்களில் அதே சொல் ஃப்ராக்ரன்ஸ் என்று இருக்கும். தாலேட் வகையில் டைஎத்தில் தாலேட் என்பது வாசனையைக் கரைக்கவும் நிலைக்க வைக்கவும் பயன்படுவது. லேபிளில் அது தன் பெயரில் வராமல் இந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். சாலினஸ் பெண்களிடம் 27 சதவீதம் குறைந்தது இதன் தடயம்தான்.

ஒவ்வாமைக்கும் வாசனைப் பொருட்கள் பெரிய காரணம். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 26 வாசனைப் பொருட்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் தனித்தனியே பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று விதித்தது. 2023இல் அந்தப் பட்டியல் 80க்கு மேல் விரிந்தது. நம் புட்டியின் கடைசியில் வந்த லினலூலும் லிமோனீனும் அந்த விதியால் வெளியே வந்தவை. கழுவாமல் விடும் பொருளில் இந்த வரம்பு 0.001 சதவீதம். அவ்வளவு சிறிய அளவு போதும், ஒவ்வாமை உள்ளவருக்கு.

லினலூல் லாவண்டரிலேயே இயற்கையாக இருப்பது என்பதைக் கவனியுங்கள். 'இயற்கை எண்ணெய்தானே' என்று பூவிலும் இலையிலும் எடுத்த எண்ணெய்களை நேரடியாகத் தோலில் தேய்ப்பவர்கள் ஒவ்வாமையைத் தேடிப் போகிறார்கள். லினலூலும் லிமோனீனும் புதிதாக இருக்கும்போது அவ்வளவாகத் தொந்தரவு செய்யா. காற்றுபட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்த பிறகுதான் கடுமையான ஒவ்வாமைப் பொருளாகின்றன. பாதி தீர்ந்து, மூடி சரியாகப் பொருந்தாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிப் போடுங்கள்.

வாசனை இல்லாததை வாங்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. 'மணமற்றது' என்று பொருள்படும் அன்சென்டட் என்ற சொல் வேறு, 'வாசனைப் பொருள் சேர்க்காதது' என்று பொருள்படும் ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ வேறு. முன்னதில் மூலப்பொருட்களின் நாற்றத்தை அமுக்குவதற்காகவே ஒரு வாசனைப் பொருளைச் சேர்த்திருக்கலாம். மூக்குக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். பின்பக்கத்தில் பர்ஃப்யூம் என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதி.

என் அலமாரியில் இருந்த 11 புட்டிகளை ஒருநாள் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்பதில் அந்தச் சொல். ஒன்பது வாசனைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன, எதையும் நான் ரசித்ததாக நினைவில்லை. இப்போது எனக்குப் பிடித்த அத்தர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதையும் தோலில் படாமல் துணியில் தடவுகிறேன். மூச்சில் போவது போகும். அந்த அளவுக்கு நான் துறவி இல்லை.

பாரபென்னின் கதை

தண்ணீர் இருக்கும் எந்தக் கிரீமிலும் கிருமி வளரும். விரலை விட்டு எடுக்கும் டப்பாவில் இன்னும் வேகமாக வளரும். கெட்டுப்போன கண் அலங்காரப் பொருளால் கண்ணில் தொற்று ஏற்பட்டு பார்வைக்கே ஆபத்து வந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவில் உண்டு. எனவே கெடாமல் காக்கும் பொருள் ஒன்று வேண்டும். அந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்து வந்தவை பாரபென்கள்.

2004இல் பிரிட்டனில் ஃபிலிப்பா டார்ப்ரேயும் சக ஆய்வாளர்களும் 20 மார்பகப் புற்றுக்கட்டிகளைச் சோதித்து, அவற்றில் பாரபென் இருப்பதாக எழுதினார்கள். செய்தி உலகம் முழுவதும் பரவியது. அந்த ஆய்வில் ஆரோக்கியமான திசுவோடு ஒப்பீடு இல்லை. பாரபென்தான் புற்றை உண்டாக்கியது என்றும் அது நிறுவவில்லை. ஆனால் வாங்குபவர்கள் மனதில் சொல் கறைபட்டுவிட்டது. புட்டிகளில் 'பாரபென் இல்லை' என்ற முத்திரை ஏறியது.

பாரபென் போன இடத்துக்கு வேறொன்று வந்தாக வேண்டும். வந்தவற்றில் ஒன்று மெத்தில் ஐசோதயசோலினோன். சில ஆண்டுகளில் தோல் மருத்துவர்களிடம் கூட்டம் கூடியது: முகத்தில், கையில், ஈரத் துடைப்பான் பட்ட இடத்திலெல்லாம் தடிப்பு. அமெரிக்கத் தொடுவொவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2013க்கான 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அதை அறிவித்தது. ஐரோப்பாவில் கழுவாமல் விடும் பொருட்களில் அது தடை செய்யப்பட்டது. அதே சங்கம் 2019இல் ஒரு வேடிக்கை செய்தது. 'ஆண்டின் ஒவ்வாமை தராத பொருள்' என்று பாரபென்னைத் தேர்ந்தெடுத்தது.

பாரபென்னுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஹார்மோன் பற்றிய ஐயம் அவற்றில் சிலவற்றின் மீது இருக்கவே செய்கிறது. ஐரோப்பா 2014இல் ஐந்து வகைகளைத் தடை செய்தது. புரோப்பில், பியூட்டில் இரண்டின் அளவைக் குறைத்து, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டயப்பர் கட்டும் பகுதியில் பூசிக் கழுவாமல் விடும் பொருட்களில் அவற்றை விலக்கியது. மெத்தில், எத்தில் இரண்டும் பழைய வரம்போடு தொடர்கின்றன. குறைக்க நினைப்பவர்கள் புரோப்பில், பியூட்டில் என்று தொடங்குபவற்றை முதலில் குறைக்கலாம். ஒரு பொருளை நீக்கிவிட்டோம் என்று முன்பக்கம் பெருமைப்படும்போது, அதற்குப் பதில் என்ன வந்தது என்று பின்பக்கத்தில் தேடும் பழக்கத்தைத்தான் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

தேடும்போது இன்னொரு கூட்டம் கண்ணில் படலாம்: டிஎம்டிஎம் ஹைடன்டாயின், இமிடசோலிடினில் யூரியா, டயசோலிடினில் யூரியா, குவாட்டர்னியம்-15. இவை கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடை வெளிவிட்டுக் கிருமியைக் கொல்பவை. ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

உண்மையில் பயப்பட வேண்டியவை

இதுவரை பேசியது ஐயத்துக்குரியவை. இனி வருபவற்றில் ஐயம் குறைவு. ஒரு லோஷனில் இருக்கும் 0.2 சதவீதப் பாரபென்னுக்காக மணிக்கணக்கில் தேடுபவர், இவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கணக்கு தலைகீழ்.

நிறத்தை வெளுப்பாக்குவதாகச் சொல்லும் கிரீம்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. தோலில் கருநிறமி உருவாவதை அது தடுப்பதால் வெளுப்பது என்னவோ உண்மைதான். கூடவே சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பு மண்டலத்தைத் தாக்கும். பூசுபவரோடு நிற்காது, தலையணை உறை, துண்டு, அணைத்துக்கொள்ளும் கை வழியாகக் குழந்தைகளுக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் முதலில் அழகுப்பொருட்களில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று வரம்பு வைத்தது. 2023இல் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப்பொருட்களை 2025க்குள் முழுவதும் ஒழிப்பது என்று முடிவெடுத்தன. சட்டத்துக்குப் பயந்தா இவற்றை விற்கிறார்கள்? லேபிளில் கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக், மெர்குரியோ என்று இருந்தால் வைத்துவிடுங்கள். உட்பொருள் பட்டியலே இல்லாவிட்டாலும் வைத்துவிடுங்கள். இன்னொரு அடையாளம் சுவாரசியமானது: 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்ற எச்சரிக்கை. பாதரசம் நகையோடு கலந்துகொள்ளும் என்பது தயாரித்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதே வரிசையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீராய்டு கலந்தவையும் வரும். அவை மருந்துகள். மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். ஈயச் சல்பைடை அரைத்துச் செய்த கண்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

அடுத்தது கூந்தலை நிமிர்த்தும் ரசாயன முறைகள். சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு நேரடியாக இருக்கும், அல்லது மெத்திலீன் கிளைக்கால் என்ற பெயரில் வந்து சூடான இஸ்திரிப் பட்டை பட்டதும் ஆவியாக வெளிவரும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியான வகையில் இருப்பது. கண் எரிந்தால், தொண்டை கரகரத்தால் அது வேலை செய்வதன் அறிகுறி இல்லை. எழுந்து வெளியே வர வேண்டிய அறிகுறி. அதைச் செய்துவிடும் பணியாளர் நாள் முழுதும் அந்தப் புகையில் நிற்கிறார் என்பதையும் நினைக்க வேண்டும்.

2022இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்த முடிவை வெளியிட்டார்கள். கூந்தல் நிமிர்த்தியைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், ஆண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். 'இரண்டு மடங்குக்கு மேல்' என்று தலைப்பு போட்டால் அலறல். 'நூறு பேரில் ஒன்றரைச் சொச்சம் என்பது நான்கு ஆனது' என்றால் அளவு புரிகிறது. இரண்டும் ஒரே எண்தான். இதுவும் தொடர்பைக் காட்டும் ஆய்வே, காரணத்தை நிறுவியது இல்லை. இருந்தாலும் தவிர்ப்பதால் உடல் எதையும் இழக்காத பொருள் இது.

தலைமுடிச் சாயத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1933இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்று ஓர் இமைச் சாயம் விற்றார்கள். அதில் இருந்தது பாரா ஃபீனிலீன் டைஅமீன். பூசியவர்களில் சிலர் பார்வை இழந்தார்கள், ஒருவர் இறந்தார். 1938இல் அந்த நாட்டின் அழகுப்பொருள் சட்டம் வருவதற்கு இது போன்ற நிகழ்வுகளும் காரணம். அதே பொருள்தான் இன்றும் கருஞ்சாயங்களில் பிபிடி என்ற சுருக்கப் பெயரில் இருக்கிறது, தலைமுடிக்கு மட்டும் என்ற எச்சரிக்கையோடு. ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் தொடரும். கருப்பாகப் படியும் தற்காலிக டாட்டூக்களில் இதைக் கலப்பதுண்டு. அங்கே ஒவ்வாமை பிடித்துக்கொண்டு, பல வருடம் கழித்து முதல்முறை சாயம் போடும்போது முகமே வீங்கியவர்கள் இருக்கிறார்கள்.

விட்டுவிடக் கூடாதவை

பயத்தில் சிலர் சன்ஸ்கிரீனை நிறுத்திவிடுகிறார்கள். ஆக்ஸிபென்சோன் உள்ளிட்ட சில வடிகட்டிகள் ரத்தத்தில் கலப்பதை 2019, 2020 ஆண்டுகளில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வுகள் காட்டின. அவை தாண்டிய வரம்பு 'மேலும் சோதித்துப் பார்' என்பதற்கான வரம்பு. 'தீங்கு தொடங்கிவிட்டது' என்பதற்கானது இல்லை. மறுபக்கம், சூரியனின் புறஊதாக் கதிர் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 1,621 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தினம் பூசியவர்களில் 11 பேருக்கும், விருப்பப்படி பூசியவர்களில் 22 பேருக்கும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்திருந்தது. கவலை இருந்தால் துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டைஆக்சைடு உள்ளதைக் கிரீம் வடிவில் வாங்கலாம். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் நிழலும் இன்னும் எளிது.

பல்பசையையும் விட வேண்டாம். கிருமிநாசினி சோப்பை விடலாம். 2016இல் அமெரிக்காவில் ட்ரைக்ளோசன் உட்பட 19 பொருட்களை வீட்டுச் சோப்புகளிலிருந்து விலக்கியபோது சொன்ன காரணம், சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட இவை கூடுதலாக எதையும் செய்வதாகத் தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை என்பதுதான். வீட்டிலேயே கிரீம் தயாரிக்கும் ஆசை இருந்தால் தண்ணீர் சேராத எண்ணெய், மெழுகு வகைகளோடு நின்றுகொள்ளுங்கள். தண்ணீர் சேர்த்தால் கிருமிக்குப் பந்தி வைத்தது போலாகும்.

எங்கே தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் குப்பையில் கொட்ட வேண்டாம். மேலே சொன்ன பாதரச, ஸ்டீராய்டு வகைகளை மட்டும் உடனே நிறுத்துங்கள். ஸ்டீராய்டை நீண்ட நாள் பூசியிருந்தால் தோல் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். மற்றவை தீரத் தீர மாற்றினால் போதும். முதலில் லோஷன், அதை வாசனை சேர்க்காததாக மாற்றும் ஒரே செயலில் அன்றாடம் உடலில் தங்கும் வாசனைப் பொருளில் பெரும்பங்கு போய்விடும். பிறகு முகக் கிரீம், டியோடரண்ட். ஷாம்பூ கடைசி.

எண்ணிக்கையையும் குறைக்கலாம். கைக்கு ஒரு கிரீம், முழங்கைக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று என்று பிரித்து விற்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரே சரக்கு. கர்ப்ப காலம், குழந்தைப் பருவம் என்றால் இந்தக் குறைப்பு இன்னும் மதிப்புள்ளது.

'ஹைப்போஅலர்ஜெனிக்', 'இயற்கையானது', 'தோல் மருத்துவர் சோதித்தது' போன்ற முன்பக்கச் சொற்களுக்குப் பல நாடுகளில் சட்டப்படியான வரையறை கிடையாது. 'ஐரோப்பா 1,600க்கு மேற்பட்ட பொருட்களைத் தடை செய்திருக்கிறது, அமெரிக்கா பத்துச் சொச்சம்தான்' என்ற ஒப்பீட்டையும் நம்பி ஏமாற வேண்டாம். ஐரோப்பியப் பட்டியலில் பெரும்பகுதி, யாரும் முகத்தில் பூச நினைத்தே பார்க்காத தொழிற்சாலைப் பொருட்கள்.

புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவு இடத்தில், நாளுக்கு இரண்டு முறை, ஏழு முதல் பத்து நாட்கள் பூசிப் பாருங்கள். கழுவிவிடும் பொருள் என்றால், லேபிள் சொல்லும் நேரம் வைத்திருந்து கழுவுங்கள். தலைச்சாயத்துக்குப் பெட்டியில் உள்ள முறைப்படி 48 மணி நேரம் முன்னதாகச் சோதனை, ஒவ்வொரு முறையும். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் இல்லை. அரித்தால், சிவந்தால் கழுவிவிட்டுப் புட்டியைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். தோல் மருத்துவர் முதலில் கேட்பது அதன் பின்பக்கத்தைத்தான்.